பூட்டிலிருந்து மேசைவரை: அலுவலகத்தில் சைக்கிளை எங்கே விடுவது?

சிங்கப்பூரில் எங்கள் அலுவலகம் தை செங்கிலிருந்து பாய லேபாருக்கு இடம் மாறப்போகிறது. அதையொட்டி நிர்வாகப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கார் எத்தனை, மோட்டார்சைக்கிள் எத்தனை, சீசன் பார்க்கிங் யார் யாருக்கு வேண்டும் என்று பத்து வரி. கடைசியில், போனால் போகிறது என்பதுபோல ஒற்றை வரி: சைக்கிளில் வருவோர் தங்கள் தேவையைத் தெரிவிக்கலாம்.

சைக்கிளில் வருவது நாங்கள் நான்கு பேர். பிடோக்கிலிருந்து நான், சாதாரண சைக்கிளில். ஹவ்காங்கிலிருந்து கணக்குப் பிரிவு அக்கா, மடக்கு சைக்கிளில். பொங்கோலிலிருந்து ஒரு தம்பி. அவனுடைய கார்பன் சைக்கிளின் விலையை வீட்டில் சொன்னபிறகுதான் என் மனைவி என் சைக்கிளைப் பற்றிக் குறை சொல்வதை நிறுத்தினாள். கேலாங் பாருவிலிருந்து ஸ்டோர் அண்ணன், முன்னால் கூடை வைத்த பழைய சைக்கிளில். 'எங்களுக்கு ஒரு ஸ்டாண்டு போதும்' என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் பேசியபோதுதான் தெரிந்தது, நால்வர் கேட்பதும் நான்கு விதம். அதனால் ஒரு சனிக்கிழமை சைக்கிளிலேயே புதுக் கட்டடத்துக்குப் போய், எங்கெங்கே விடலாம் என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன்.

சைக்கிளில் எவ்வளவு நேரமாகும் என்று யாராவது கேட்டால், வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை ஆவதைத்தான் சொல்வோம். பிடோக்கிலிருந்து பாய லேபாருக்கு 5 கிலோமீட்டர் சொச்சம். சைக்கிள் பாதையில் 25 கிலோமீட்டர் வேகம்வரை போகலாம், நடைபாதையில் 10-ஐத் தாண்டக்கூடாது, நடுவில் சிக்னல்கள் வேறு. எனக்கு 25 நிமிடம் பிடிக்கிறது. எம்ஆர்டி ரயிலில் போனால் கெம்பாங்கான், யூனோஸ், அடுத்தது பாய லேபார். நிலையத்துக்கு நடப்பதையும் சேர்த்தால் அதுவும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே மிதிக்கிற வேகத்தில் நான் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. சீட்டைவிட்டு இறங்கியதிலிருந்து மேசையில் உட்காரும்வரை ஆகிற நேரம் இருக்கிறதே, ஆட்டம் அங்கேதான் முடிவாகிறது. அதை நான் பூட்டு நேரம் என்பேன். பொங்கோல் தம்பிக்குப் பாதை 12 கிலோமீட்டர் வாக்கில் வரும். பத்து நிமிடப் பூட்டு நேரம் அவனுக்கு உறைக்காது. எனக்கு அது பயணத்தில் கிட்டத்தட்டப் பாதி.

முதலில் பேஸ்மெண்ட். சைக்கிள் நிறுத்துமிடம் உண்டு என்று ஒரு கட்டடம் பெருமையாகச் சொன்னால், அது பெரும்பாலும் பூமிக்கடியில்தான் இருக்கும். 2016 ஜூலையிலிருந்து புதிதாகக் கட்டுகிறவர்கள், நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் என்ன வசதி செய்யப்போகிறோம் என்ற திட்டத்தையும் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே காட்டவேண்டும். நல்ல விதிதான். ஆனால் வரைபடத்தில் இருக்கிற ரேக்குக்கும் காலை எட்டே முக்காலுக்கு நாம் போய்ச் சேரக்கூடிய ரேக்குக்கும் இடையில் ஒரு சரிவு இருக்கிறது, அசல் கான்கிரீட் சரிவு. கார் இறங்கும் அந்த வழியின் முகப்பிலேயே சைக்கிளுக்குத் தடை என்று பலகை. 'அப்போ எப்படிக் கீழே போறது?' என்று காவலரைக் கேட்டேன். 'தள்ளிக்கிட்டுப் போங்க' என்றார். சரி, எந்த வழியாக? அவருக்கும் தெரியவில்லை. ஆள் போகும் லிஃப்டில் ஏற்றக்கூடாது. சரக்கு லிஃப்டில் ஏற்றலாம், அதற்குப் பின்பக்கம் சுற்றிப் போகவேண்டும். தெருவிலிருந்து ரேக்குக்கு 6 நிமிடம், ரேக்கிலிருந்து மேலே வரவேற்பறைக்கு 4 நிமிடம். மொத்தம் 10. அதுவும் சனிக்கிழமை, லிஃப்டுக்கு வரிசையே இல்லாத நாளில்.

ரேக்கையும் பார்த்துவிட வேண்டும். முன்சக்கரத்தை ஓர் இடுக்கில் செருகி நிறுத்துகிற வகை ஒன்று உண்டு. இடம் அடைக்காது, விலையும் மலிவு, வாங்குகிறவருக்கு மகிழ்ச்சி. பக்கத்துச் சைக்கிளை எடுக்கிறவர் ஒரு இடி இடித்தால் நம் சைக்கிள் சாய்ந்து, மொத்தப் பாரமும் சக்கரக் கம்பிகளில் இறங்கும். அதைவிட மோசம், பூட்டு சக்கரத்தோடு நின்றுவிடும். சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மீதியைத் தூக்கிக்கொண்டு போகலாம். கவிழ்த்து வைத்த 'ப' மாதிரி வளைந்த குழாய்தான் சரியானது. சட்டகம் இரண்டு இடத்தில் சாய்ந்து நிற்கும், சட்டகத்தையும் பின்சக்கரத்தையும் ஒரே யூ-லாக்கில், அதாவது வளைந்த இரும்புத் தண்டுப் பூட்டில், குழாயோடு சேர்த்துப் பூட்டலாம். இந்தக் கட்டடத்தில் இருந்தது இரண்டடுக்கு ரேக். கீழடுக்கு நிறைந்துவிட்டால் சைக்கிளை மேலடுக்குக்கு ஏற்றவேண்டும். தம்பி சிரித்துக்கொண்டே ஏற்றுவான், அவனுடையது எட்டு கிலோ. அண்ணனின் கூடைச் சைக்கிளை நான் ஒருமுறை தூக்கிப் பார்த்திருக்கிறேன். மறுபடி தூக்கமாட்டேன்.

நான் கவனிக்காத ஒன்றை அக்கா கேட்டார். 'கணக்கு முடிக்கிற மாசக் கடைசியில நான் கிளம்ப எட்டரை ஆகும். அங்க வெளிச்சம் இருக்குமா?' போய்ப் பார்த்தேன். ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு, இரண்டடி தாமதமாக எரிகிறது. கண்காணிப்புக் கேமரா இருக்கிறது, கார்கள் நுழையும் தடுப்பைப் பார்த்தபடி. கைபேசிக்கு அலைவரிசை ஒரு கோடுதான். பேஸ்மெண்ட் மழைக்கு நல்லது, வெயிலுக்கு நல்லது, விலை கூடிய சைக்கிளுக்கும் நல்லதுதான். ஆனால் அந்த மூலையில் தனியாகக் குனிந்து பூட்டைத் திறக்கிற பெண்ணுக்கு நல்லதா என்று யாரும் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி வெளி ஸ்டாண்டு. எம்ஆர்டி நிலையங்களை ஒட்டியும் கட்டடங்களுக்கு முன்னாலும் இருப்பவை. காசு கிடையாது, அனுமதி கேட்கவேண்டாம், பூட்டு நேரம் ஒன்றரை நிமிடம். வேகத்தில் இதை அடித்துக்கொள்ள வேறில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் மூன்று ஆண்டுகள் இப்படித்தான் விட்டேன். சைக்கிளை யாரும் தொடவில்லை. ஒரு நாள் மாலை வந்து பார்த்தால் சீட்டை மட்டும் காணோம். உயரத்தைச் சரிசெய்ய வசதியாக ஒரு நெம்புகோல் இருக்குமே, அது எடுத்துக்கொண்டு போனவருக்கும் வசதியாக இருந்திருக்கிறது. வீடுவரை நின்றுகொண்டே மிதித்தேன். வழியில் ஒரு சிறுவன் தன் தாத்தாவிடம் என்னைக் கைகாட்டி ஏதோ கேட்டான். தாத்தாவிடம் பதில் இல்லை. மறுநாளே அந்த நெம்புகோலைக் கழற்றி எறிந்துவிட்டு, சாவி போட்டுத் திருகுகிற சாதாரண போல்ட் மாட்டினேன். சில வெள்ளிதான் செலவு. சைக்கிளை வெளியில் விடுகிறவர்கள் புதுப் பூட்டு வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். பூட்டென்றால் யூ-லாக்தான்; கம்பி வடப் பூட்டெல்லாம் வெட்டுகிற கருவி கையில் இருப்பவருக்குச் சில விநாடி வேலை.

திருட்டைவிட நிச்சயமானது மழை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 170 நாள் வாக்கில் மழை பெய்கிறது, அளவு 2,100 மில்லிமீட்டருக்கு மேல். காலையில் காய்ந்த சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போனால் மாலையில் நனைந்த சைக்கிளைத் திறப்போம். செயினுக்கு வாராவாரம் எண்ணெய் போடும் பழக்கம் இல்லாதவர்கள் வெளி ஸ்டாண்டை மறந்துவிடலாம். இன்னொரு தொல்லை, வாடகைச் சைக்கிள்கள். பச்சையும் நீலமுமாக வந்து நம் சைக்கிள்மேல் சாய்ந்து நிற்கும். ஒன்றை நகர்த்தினால் நான்கு சரியும்.

ஸ்டோர் அண்ணனுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. அவர் சைக்கிளின் வயது பன்னிரண்டு. கூடையில் துரு, மட்கார்டில் துரு, மணியிலும் துரு. 'அந்தத் துருதான் தம்பி அதுக்குப் பூட்டு' என்பார். சும்மா சொல்கிற பேச்சில்லை. வெளியில் விடுவதென்றால் மழையிலும் வெயிலிலும் கிடந்தாலும் மனம் பதறாத சைக்கிளை வைத்துக்கொள்ளவேண்டும். காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். தங்குவிடுதியிலிருந்து தினமும் சைக்கிள்தான். ஊருக்குத் திரும்பிய நண்பரிடமிருந்து 60 வெள்ளிக்கு வாங்கியது, சட்டகத்தில் பெயின்டால் அவருடைய எண். பட்டறை வாசலுக்கு உள்ளே, முதலாளியின் லாரிக்குப் பக்கத்தில் விடுகிறார். 'ரேக்கெல்லாம் எதுக்குண்ணே, லாரி டிரைவர் பாத்துக்குவாரு' என்றார். அலுவலகத்தார் நாங்கள் ரேக்கின் வடிவத்தை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் அவர் சொன்ன இந்த ஒரு வரி என் மண்டைக்குள்ளேயே சுற்றியது.

மடக்கு சைக்கிள் அக்காவின் கட்சி. நிறுத்துமிடமே வேண்டாம், மேசைக்கடியில் போய்விடும் என்பதுதான் அதை விற்கிறவர்கள் சொல்வது. பாதி சரி. 16 அங்குலச் சக்கரம் உள்ளவை உண்மையிலேயே மேசைக்கடியில் அடங்கும், பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும், விலையோ ஒரு மாத வீட்டுத் தவணையைத் தொடும். 20 அங்குலச் சக்கரம் உள்ளவை விலையில் பரவாயில்லை, மடித்தாலும் ஒரு பெரிய பெட்டி அளவு இருக்கும். தை செங்கில் அக்காவுக்கென்று சொந்தமாக ஒரு மேசை உண்டு. புது அலுவலகத்தில் யாருக்கும் சொந்த மேசை கிடையாது, வந்தவர் வந்த இடத்தில் உட்காரவேண்டும். அப்படியானால் சைக்கிள் யார் மேசைக்கடியில்? மழை நாளில் சகதியோடு வந்த சக்கரத்தைக் கம்பளத்தில் வைத்தால் துப்புரவு செய்யும் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அக்கா எப்போதும் ஒரு பழைய படுக்கை விரிப்பைத் தைத்து உறையாக்கி வைத்திருப்பார். லிஃப்டில் ஏறுவதற்கு முன் போர்த்திவிடுவார். உறை போட்டால் அது ஒரு பை, போடாவிட்டால் வாகனம். காவலர்களின் கண்ணுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ஆனாலும் மடக்கு சைக்கிளை நான் மெச்சுவது நிறுத்துமிடத்துக்காக அல்ல, திரும்பிப் போகும் வழிக்காக. பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் இடியும் மழையும் பிற்பகலில்தான் கட்டிக்கொண்டு வரும், சரியாக நாம் கிளம்புகிற நேரத்துக்கு. அப்போது நானும் தம்பியும் சன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அக்கா சைக்கிளை மடித்து எடுத்துக்கொண்டு ரயிலேறிவிடுவார். 2016 டிசம்பரில் சோதனையாகத் தொடங்கி, மறு ஆண்டு நிரந்தரமாக்கிய ஏற்பாடு அது. மடித்த அளவு 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் அடங்கவேண்டும், நிலையத்துக்குள்ளும் வண்டிக்குள்ளும் மடித்தபடியே இருக்கவேண்டும். நாளின் எந்த நேரத்திலும் போகலாம். மாலை ஆறரைக்கு பாய லேபாரில் நிற்கிற கூட்டத்துக்குள் அதோடு நுழைவது வேறு கலை; அக்காவுக்குக் கைவந்திருக்கிறது.

வாடகைச் சைக்கிளில் நிறுத்துகிற கவலை நம்முடையதில்லை, நிறுவனத்துடையது. அரை மணி நேரத்துக்கு ஒரு வெள்ளி என்பதுபோலக் கட்டணம். நிறுத்துமிடத்தில் உள்ள கியூஆர் குறியை ஸ்கேன் செய்து முடிக்கவேண்டும். கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போனால் 5 வெள்ளி பிடிப்பார்கள். நிலையத்திலிருந்து கடைசி ஒரு கிலோமீட்டருக்கு அருமை. தினமும் ஐந்து கிலோமீட்டருக்கு நம்பி இருக்கமுடியாது. எங்கள் புளோக்குக்குக் கீழே காலை ஏழரைக்கு ஒன்றுகூட இருக்காது, பதினோரு மணிக்குப் பத்து நிற்கும்.

மின்சார சைக்கிளை யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை மட்டும். அனுமதி முத்திரையும் பதிவு எண்ணும் வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து எழுத்துத் தேர்வும் உண்டு, நடைபாதையில் ஓட்டக்கூடாது. எடை 20 கிலோவரை இருக்கலாம், ஆகவே மேலடுக்கு ரேக் கிடையாது. பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய் அலுவலகத்தில் சார்ஜ் போடலாம் என்று நினைத்தால், முதலில் கட்டட நிர்வாகத்தைக் கேளுங்கள். தீ விபத்துக்குப் பயந்து பல இடங்களில் விடமாட்டார்கள், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

குளிக்கிற இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் ஐந்து கிலோமீட்டர் மிதித்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். புதுக் கட்டடத்தில் குளியலறை இரண்டு, இரண்டும் பேஸ்மெண்டில், ரேக்குக்கு எதிர்க்கோடியில். பூட்டு நேரத்தோடு அதையும் சேர்த்தால் 25 நிமிடம். வந்த பயணம் அளவுக்கே இன்னொரு பயணம். நான் கண்டுகொண்ட வழி வேறு. ஆறே முக்காலுக்குக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் மெதுவாக மிதித்து, அலுவலகத்தில் விசிறிக்கு அடியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுச் சட்டை மாற்றிக்கொள்வேன். தம்பிக்கு இது சரிவராது, அவன் வந்து நிற்கிற கோலத்துக்குக் குளியல் கட்டாயம். அக்கா சல்வார் கமீஸ் போட்டே வருகிறார், வேர்த்ததாக ஒருநாளும் தெரியாது. ரகசியம் கேட்டால், 'நீங்கள்லாம் ஏன் ஓட்டப்பந்தயத்துல ஓட்டுற மாதிரி ஓட்டுறீங்க?' என்கிறார். துப்பட்டாவை மட்டும் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுவார். ஒருமுறை செயினுக்குள் போய்ச் சிக்கி, கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டவேண்டியதாகிவிட்டது.

ஆக, பாய லேபாருக்கு எது? தம்பியின் சைக்கிளுக்கு பேஸ்மெண்ட், அண்ணனுக்கு வெளி ஸ்டாண்டு, அக்காவுக்கு மேலே ஒரு மூலை, எனக்கு எதுவும் பொருந்தவில்லை. இப்படியே எழுதி அனுப்பியிருப்பேன். கிளம்பும்போது மறுபடி சரக்கு லிஃப்ட் இருக்கும் பின்பக்கம் போனேன் பாருங்கள், அங்கே லோடிங் பே, லாரிகளில் சரக்கு ஏற்றி இறக்குகிற இடம். தரைமட்டத்தில் இருக்கிறது, சரிவு கிடையாது. மேலே கூரை. லாரிகள் திரும்புகிற இடத்துக்கு அப்பால், தூணுக்கும் சுவருக்கும் நடுவே உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த ஒரு மூலை. அதற்கு நேரெதிரே மேசை போட்டு, லாரிகளின் வரவு போக்கை எழுதிக்கொண்டு ஒரு காவலர், ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோகிற தமிழர். காலை ஏழிலிருந்து இரவு ஏழுவரை அவர், பிறகு இன்னொருவர். காவலர் மேசைக்குப் பின்னாலேயே சரக்கு லிஃப்ட். அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு மேலே போய் வந்தேன், மொத்தம் 3 நிமிடம். காக்கி புக்கிட் தம்பியின் லாரி டிரைவர் நினைவுக்கு வந்தார். கேமராவுக்கு நம் சைக்கிள் எது என்று தெரியாது; எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

இடம் கேட்டால் 'இல்லை' என்பார்கள் என்று, கணக்கோடு போனேன். ஒரு கார் நிறுத்துமிடம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். சைக்கிளின் நீளம் 1.8 மீட்டர். நீளப்பக்கத்தில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே நிறுத்தினால் எட்டுச் சைக்கிள். நாங்கள் கேட்பது அதில் பாதி, அதுவும் கார் நிறுத்துமிடத்தில் இல்லை. 2019 பிப்ரவரியிலிருந்து கட்டடங்களுக்குக் கார் நிறுத்துமிடம் இவ்வளவு இருந்தே ஆகவேண்டும் என்று ஒற்றை எண்ணாக இல்லாமல், குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று ஒரு வரம்பாக விதி இருக்கிறது என்பதையும் மின்னஞ்சலில் சேர்த்தேன். ஒன்றை மட்டும் கவனமாகத் தவிர்த்தோம்: அவசர வழியையும் மாடிப்படிகளையும் அடைக்கிற எந்த இடத்தையும் கேட்கவில்லை. அங்கே சைக்கிளை வைத்தால் தீயணைப்பு விதிப்படி முதல் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள், அதற்குப்பிறகு நல்ல இடத்தைக் கேட்கவும் வாய் இருக்காது.

கேட்டது மூன்றுதான். லோடிங் பே மூலையில் 'ப' குழாய் இரண்டு, குழாய்க்கு இரண்டு சைக்கிளாக நாலுக்கும் அது போதும். காலை ஏழரையிலிருந்து சரக்கு லிஃப்டைப் பயன்படுத்த அனுமதி. அக்காவின் மடக்கு சைக்கிளுக்கு மழை நாளில் மேலே ஸ்டோரில் ஒரு தட்டு. குளியலறையைப் பற்றி எழுதவில்லை. குளிக்க பேஸ்மெண்டுக்கே இறங்கிக்கொள்கிறேன் என்று தம்பி சொல்லிவிட்டான்.

கட்டட நிர்வாகத்திலிருந்து பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ஆறு மாதம் சோதனையாக விடலாமாம். இரவு தங்கக்கூடாது, குழாய்ச் செலவு எங்கள் அலுவலகத்துடையது, ஒவ்வொரு சைக்கிளிலும் பெயரும் நிறுவனமும் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். ஸ்டிக்கரும் வந்துவிட்டது, வெள்ளையில் நீல எழுத்து, பளபளவென்று. ஸ்டோர் அண்ணன் மட்டும் இன்னும் ஒட்டவில்லை. 'இத ஒட்டுனா வண்டிக்கு ஒரு மதிப்பு வந்துரும் தம்பி, அப்புறம் எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்' என்கிறார்.